கும்பிட்டு மறித்த வாசல்

வாசல் சேவைக்குப் புதிதாகப் பெயர் கொடுத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தியான மையத்தின் தொண்டர் பொறுப்பில் நான் இப்போது இல்லை. விலகிவிட்டேன் என்றுதான் வெளியே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில், “அக்கா கொஞ்ச நாள் ஓய்வில் இருக்கட்டும்” என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஆனால் தொண்டர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுக்க யாருக்கும் இன்னும் தோன்றவில்லை. தோன்றுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

எனக்கு அடையாறில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை. சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை எல்லாம் ராஜா அண்ணாமலைபுரத்தில் மையம் நடக்கும் அந்தப் பழைய வீட்டில்தான் கழிந்தன. கீழே சமையலறை, மாடியில் தியானக் கூடம். என் மகள் நிவேதா பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோதே என்னோடு வர ஆரம்பித்தவள். மற்ற பிள்ளைகள் மாலில் சுற்றும் வயதில் இவள் மாடிப்படி துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது பெருமையாகவும் நிம்மதியாகவும் இருந்தது. இங்கே இருக்கும் வரை பிள்ளைக்கு ஒரு கெடுதலும் வராது என்று நினைத்தேன்.

எப்படிக் கூட்டுவது, எப்படிப் பாய் விரிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் காட்டித் தருவார்கள். அதைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. யாரும் காட்டித் தராத விஷயத்தைச் சொல்கிறேன். முதலில் ஒரு மழை வெள்ளக் கதை.

நான் சேர்ந்த புதிதில் சமையலறைப் பொறுப்பில் ஒரு மாமி இருந்தார். மயிலாப்பூர்க்காரர், கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அந்த வருஷ மழையில் வேளச்சேரியில் தண்ணீர் ஏறி, ஜனங்கள் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் விடியும் முன்பே சாம்பார் சாதம் கிளறிப் பொட்டலம் கட்டிவிட்டோம். வேனும் வந்துவிட்டது. ஆனால் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஐயா தொட்டு ஆசீர்வதிக்காமல் உணவு வாசலைத் தாண்டக் கூடாது. ஐயா என்று நாங்கள் கூப்பிடுவது மையத்தின் தலைவரை. அவர் அன்று மாடியில் மௌனத்தில் இருந்தார். மதியத்துக்கு முன்னால் கதவு திறக்காது.

நாங்கள் எல்லாரும் பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மாமி வேன் டிரைவரைப் பார்த்து, “நீ எடுத்துண்டு கெளம்புப்பா” என்றார்.

“ஐயாகிட்ட கேக்கலையே மாமி?” என்றேன் நான்.

“கேக்க நாழி ஏது? நாம இங்க கையைக் கட்டிண்டு நிக்கறோம். அங்க கொழந்தைகள் பசியோட நின்னுண்டிருக்கு.”

“ஐயா கோவிச்சுப்பாரே.”

“கோவிச்சுக்கட்டுமே. அவருக்கு வேளாவேளைக்கு சாப்பாடு போயிண்டுதானே இருக்கு. கோவிச்சுக்கத் தெம்பு இருக்கும்.”

ஐயா கோபித்துக்கொள்ளவில்லை. அவர் எப்போதும் கோபித்துக்கொள்வதில்லை. அடுத்த வாரம் மாமியைச் செருப்பு பார்த்துக்கொள்ளும் சேவைக்கு மாற்றினார், அவ்வளவுதான். மாமி ஒரு முக்காலி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். வருகிறவர்களின் செருப்பைத் தன் கையால் எடுத்து ஒழுங்காக வைத்தார். முகத்தில் வருத்தம் இல்லை, வீம்பும் இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“உங்களுக்கு அவமானமா இல்லையா மாமி?”

“அன்னிக்கு நான் பண்ணது சரி. அதனால இன்னிக்குச் செருப்பு எடுக்கறதுல எனக்குக் கஷ்டம் இல்ல. தப்பு பண்ணிட்டு இங்க உக்காந்திருந்தாத்தான் கஷ்டம்.” பிறகு ஒரு ஜோடியைத் தூக்கிக் காட்டினார். “இது யாரோடதுடி? இவ்வளவு தேஞ்சிருக்கு. பாவம், பஸ்லயே வரா போலிருக்கு.”

சில மாதங்களில் மகன் வீட்டோடு இருக்கப் புனே போய்விட்டார். அவர் முன்பு பார்த்த சமையலறைப் பொறுப்பு எனக்கு வந்தது. மாமியிடமிருந்து நான் செருப்பு எடுக்கும் பாதியை மட்டும் கற்றுக்கொண்டேன். வேனை அனுப்பும் பாதியை யாரும் எனக்குத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. என் மகளுக்கும் அந்தப் பாதி போய்ச் சேரவில்லை.

இனி வாசலுக்கு வருகிறேன்.

மௌன முகாமில் மணி அடித்து உட்கார்ந்தால் அடுத்த மணி அடிக்கும் வரை யாரும் எழுந்து போகக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மணி ஐயாவின் கையில். கதவு வாசல் தொண்டரின் கையில். யாராவது எழுந்து வந்தால் தொண்டர் பேசக் கூடாது, கையால் தடுக்கக் கூடாது, ஏனென்றால் நாம் சேவகர்கள். அதனால் கை கூப்பி, இடுப்பு வரை குனிந்து, கதவுக்கு முன்னால் நிற்க வேண்டும். வந்தவர் திரும்பிப் போய் உட்காரும் வரை நிமிரக் கூடாது.

இது எவ்வளவு வேலை செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காவலாளி மறித்தால் நம்மவர்கள் சண்டைக்குப் போவார்கள். போலீஸ்காரர் மறித்தாலும், “உங்க மேலதிகாரி நம்பர் குடுங்க” என்பார்கள். ஆனால் ஒருவர் கும்பிட்டுக் குனிந்து நின்றால் அவரைத் தாண்டிப் போக நமக்குக் கால் வராது. உயர்நீதிமன்றத்தில் கத்திக் கத்திப் பழகிய ஒரு வக்கீல், போன் பேசியே தீர வேண்டும் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து வந்தவர், ஒரு கும்பிடுக்கு முன்னால் வேட்டியை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார். அன்று மாலை ஐயா, “பணிவின் பலத்தைப் பார்த்தீர்களா?” என்றார். எல்லாரும் நெகிழ்ந்துபோனோம். ஒரு மனிதரை அவர் விருப்பத்துக்கு மாறாக ஒரு அறையில் உட்கார வைத்திருக்கிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நிவேதாவின் கும்பிடு எல்லாரிலும் அழகு. தரமணியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவள் ஒரு முகாமைக்கூட விடவில்லை. “நிவேதா குனிஞ்சா சுவரே திரும்பிப் போய் உக்காந்துக்கும்” என்று தொண்டர்கள் கேலி செய்வார்கள். நான் சிரித்திருக்கிறேன்.

போன முகாமுக்குத் தி.நகரிலிருந்து ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மகன் கடையைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு, மனசுக்கு நிம்மதி வேண்டும் என்று முதல் தடவையாக வந்தவர். மௌனம் தொடங்கும் வரை சமையலறையில் எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். “இந்த அண்டா அடி கனமா இருக்கு, நல்ல அண்டா. ஆனா உங்களுக்கு வெல கூடப் போட்டுட்டான், நம்ம கடைக்கு வந்திருக்கலாம்லா” என்றார். அதன் பிறகு மணி அடித்தது. அவரும் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை அமர்வில் என்ன நடந்தது என்பதை, கூடத்தில் இருந்தவர்கள் பிறகு சொன்னதையும் நான் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அண்ணாச்சி எழுந்து கதவுக்கு வந்தார். நிவேதா கும்பிட்டாள். அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தார், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு. அவள் மறுபடி கும்பிட்டாள். குனிந்தால் எதிரில் நிற்பவரின் கால்தான் தெரியும். முகம் தெரியாது, நெஞ்சில் இருக்கும் கை தெரியாது. அவர் அந்தக் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் பதிலுக்குக் கும்பிட்டார். பிறகு திரும்பிப் போய்த் தன் பாயில் உட்கார்ந்து, பக்கவாட்டில் சரிந்தார்.

சரிந்த சத்தம் மரத்தளம் வழியாகக் கீழே சமையலறையில் எனக்குக் கேட்டது. மாடியில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். சிலர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்களாம். தியானத்தில் சிலர் அழுவார்கள், சிலர் சாய்வார்கள், உள்ளே ஏதோ கரைகிறது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கரைகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். ஐயாவின் கண்கள் மூடியிருந்தன. மணி அடிக்கவில்லை.

நான் மாடிக்கு ஓடிக் கதவைத் தள்ளினேன். கொஞ்சம் திறந்தது. இடைவெளியில் என் மகள் நின்றாள். என்னைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அவர் விழுந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும், கை கூப்பி, என் முன்னால் குனிந்தாள்.

என்னையும் கும்பிட்டாள்.

அந்த இடத்தில் நான் ஒரு கணம் நின்றுவிட்டேன். பெற்ற பெண்ணின் வகிடு என் கண்ணுக்கு முன்னால். காலையில் நான்தான் தலை சீவிப் பின்னிவிட்டேன். கும்பிடுகிறவளைத் தள்ளுவதா என்று என் கை தயங்கியது. பிறகு அவள் தோளைப் பிடித்துத் தள்ளினேன். மெதுவாக இல்லை. அவள் சுவரில் மோதினாள்.

அண்ணாச்சியின் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. தூக்க ஆள் வேண்டும் என்று கத்தினேன். மௌன முகாமில் கத்திய முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். அப்போதும் இரண்டு பேர்தான் எழுந்தார்கள். தெருமுனையில் நின்ற ஆட்டோவை வரச் சொல்லி அவரை ஏற்றினோம்.

“இன்னாக்கா ஆச்சு?” என்றார் ஆட்டோக்காரர்.

“நெஞ்சுவலி. சீக்கிரம் போப்பா.”

“நீ அவரப் புடிச்சிக்கினு உக்காரு. நைனா, தூங்காத நைனா, எதுனா பேசிக்கினே வா. உன் ஊரு எது?”

அண்ணாச்சி ஊர்ப் பெயரைச் சொல்ல முயன்றார். அவர் மௌனத்தை யாரோ அப்போதுதான் கலைத்தார்கள்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயம் பாதி வேலைதான் செய்கிறது என்று டாக்டர் சொன்னார். வலி தொடங்கியபோதே கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். நான் என்ன சொல்ல? எங்கள் வீட்டுப் பெண் அவரைக் கும்பிட்டாள் என்றா?

அடுத்த ஞாயிறு தொண்டர்கள் கூட்டம். ஐயா வழக்கம்போல் மெதுவாகப் பேசினார். “ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு குரல் இருக்கிறது. அதுதான் உண்மையான குரு. அந்தக் குரல் சொல்லும்போது எந்த விதியும் இல்லை. அதைக் கேட்கத் தெரியாதவர்கள் சேவைக்கு இன்னும் பக்குவப்படவில்லை.” சொல்லிவிட்டு நிவேதாவைக் கருணையோடு பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அவள் கண்ணில் நீர் வழிய ஆமோதித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன். “ஐயா, இத்தனை வருஷமா அந்தக் குரல் உங்களுக்கு மட்டும்தான் இருக்குன்னு இருந்தோம். மாமி அந்தக் குரலைக் கேட்டு வேனை அனுப்பினாங்க. அவங்களைச் செருப்புகிட்ட உக்கார வெச்சீங்க. இப்ப இவளுக்குக் குரல் கேக்கலைன்னு சொல்றீங்க. எப்படிக் கேக்கும்?”

ஐயா என்னைப் பார்த்துக் கை கூப்பினார். தலை குனிந்தார். நிமிரவில்லை.

நானும் அந்த வக்கீலைப் போல உட்கார்ந்துவிட்டேன். அன்று மாலைதான் எனக்கு ஓய்வு தரப்பட்டது.

அதன் பிறகு நிவேதா வீட்டில் ஒரு முடிவும் எடுப்பதில்லை. எந்தச் சுடிதார் போடுவது என்று என்னைக் கேட்கிறாள். இரண்டு இட்லியா மூன்றா என்று கேட்கிறாள். “உனக்குப் பசிக்குதா இல்லையாடி?” என்றால் விழிக்கிறாள். ராத்திரி எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவள் சாலையைக் கடக்கும்போது யாரைக் கேட்டுக் கடப்பாள் என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

அண்ணாச்சியைப் பார்க்க அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பாண்டி பஜார் பின்புறம் ஒரு அடுக்குமாடியில் வீடு. பாதி உடம்பாகியிருந்தார். என்னைப் பார்த்ததும், “வாங்கம்மா, இருங்க. அண்டா எப்படி இருக்கு?” என்றார். நிவேதா அழுதுகொண்டே அவர் முன்னால் போய்க் கை கூப்பினாள்.

“யம்மா, அத மட்டும் செய்யாத தாயி” என்றார் அவர். “கைய எறக்கு மொதல்ல.”

அவள் இறக்கினாள்.

“ஒன் மேல கோவம் இல்ல. நீ தடுத்திருந்தா தள்ளிட்டுப் போயிருப்பேன். போடி இவளேன்னு ஒரு சத்தம் போட்டுட்டுப் போயிருப்பேன், எனக்கென்ன. நீ கும்பிட்டியே. கும்பிடுத புள்ளய எப்படித் தாண்டிப் போக? சாவு வந்தாலும் மரியாதையா வரட்டும்னு உக்காந்துட்டேன்.” சிரித்தார். சிரிப்பில் மூச்சு வாங்கியது. அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் உள்ளே போனார்.

திரும்பும் வழியில் நிவேதா கேட்டாள்: “அவர் என்னை மன்னிச்சுட்டார் இல்லம்மா?”

“மன்னிச்சுட்டார். அவர் சொன்னது உனக்குப் புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதும்மா. என் பணிவுல ஏதோ குறை இருந்திருக்கு. உண்மையான பணிவா இருந்தா அவர் கஷ்டம் எனக்குத் தெரிஞ்சிருக்கும். இன்னும் ஆழமாப் போகணும்.”

பஸ் வந்ததும், ஏறலாமா என்று என்னைக் கேட்டாள்.

உள்ளே இருக்கும் குரல் என்று பெரிய வார்த்தையில் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அது மிகச் சின்ன விஷயம். ஒருவரின் சட்டை நனைந்திருப்பதைப் பார்த்து, நனைந்திருக்கிறது என்று நம்புவது. கீழே விழுந்த சத்தத்தைக் கேட்டு, விழுந்துவிட்டார் என்று நம்புவது. அதை நம்ப யார் அனுமதியும் வேண்டாம். அந்த நம்பிக்கை இருக்கிறவர்கள்தான் மாமி மாதிரி மனசு கோணாமல் செருப்பும் எடுக்கலாம். அது இல்லாமல் குனிகிறவர்களை, குனியச் சொன்னவர் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம். என் பெண்ணை ஒரு கதவாகவே நிறுத்திவிட்டார்கள்.

இப்போது நீங்கள் கேட்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

நாளை தொடங்கும் முகாமில் வாசல் சேவை மறுபடி நிவேதாவுக்கு. ஐயாவே அழைத்து, “விழுந்த இடத்திலேயே எழ வேண்டும்” என்றாராம். இன்று காலை பையோடு கிளம்பினாள். நான் வீட்டு வாசலில் போய் நின்றேன். எப்படியாவது தடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். என் கைகள் என்னைக் கேட்காமலே மேலே வந்தன. இரண்டு உள்ளங்கையும் சேரப் போகும் நேரத்தில்தான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். கும்பிட்டிருந்தால் நின்றிருப்பாள். நிச்சயமாக நின்றிருப்பாள்.

கையை இறக்கிக்கொண்டேன்.

“போகாதேன்னு சொல்றேன் நிவேதா. கெஞ்சலை, கும்பிடலை. உன் அம்மா வாயைத் திறந்து சொல்றேன். கேக்கறதும் கேக்காததும் உன் இஷ்டம்.”

விலகி நின்று கதவை அகலமாகத் திறந்தேன். அவள் ரொம்ப நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இன்னும் ஏதாவது சொல்வேன், உத்தரவு மாதிரி ஒன்று வரும் என்று காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். நான் சொல்லவில்லை. பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. மாலை வரை இந்த நாற்காலியை விட்டு எழவில்லை.

புதிதாக வரும் தொண்டர்கள் முதலில் ஒரு முகாம் முழுக்க உள்ளே உட்கார வேண்டும் என்பது மையத்தின் விதி. ஆகவே நாளை நீங்கள் எல்லாரும் அந்தக் கூடத்தில் இருப்பீர்கள். கதவருகே வெள்ளைச் சுடிதாரில், ஒற்றைப் பின்னலோடு ஒரு பெண் நிற்பாள். உங்களுக்கு மூச்சு முட்டினால், பயம் வந்தால், சும்மா வெளியே போக வேண்டும்போல் இருந்தால்கூட, எழுந்து போங்கள். அவள் கை கூப்பிக் குனிவாள். பார்க்க மிகவும் அழகாக இருக்கும்.

நின்றுவிடாதீர்கள். தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டுப் போங்கள். நான் தள்ளியிருக்கிறேன், அவள் சுவரில் மோதினாலும் ஒன்றும் ஆகாது. யாராவது ஒருவர் மறுபடி தள்ளினால் நிமிர்ந்து பார்ப்பாளோ என்னவோ.

பெற்றவள் சொல்கிறேன். தள்ளுங்கள்.